கூடுதலாக இரண்டு சுற்று

ஜனவரி 9

புரொபசரம்மாவுக்கு,

போனில் பேசினால் சண்டை வருகிறது, கடிதத்தில் கத்த முடியாது, அதனால் இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று சொன்னாய். சரி, எழுதுகிறேன். ஆனால் இந்த வரியைக் கத்திக்கொண்டேதான் எழுதுகிறேன் என்பதைத் தெரிந்துகொள்.

நல்லபடியாக டீச்சர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், தலையில் வெள்ளை முடி எட்டிப்பார்க்கிற வயதில் லீவு போட்டுவிட்டு வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போய்விட்டாய். இங்கே தொழிற்சாலையில் என்னைக் கேட்கிறார்கள். "உங்க வீட்ல என்ன படிக்கிறாங்க?" "அமெரிக்கக் கதை." "என்ன மாதிரி கதை?" "நூறு வருஷத்துக்கு முந்தி அங்க இருந்த ஏழைங்க கதை." பேக்கிங்கில் இருக்கிற ஒருவன், "அதுக்கு அவ்ளோ தூரம் போகணுமா? நம்ம கேன்டீனுக்கு வந்தா போதுமே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சலாக இருந்தது.

அக்கா நன்றாக இருக்கிறாள். மூன்றாம் பிரஸ் மெஷினில் கையுறைத் தோல் வெட்டுவதில் அவள் வேகத்துக்குப் பக்கத்தில் இன்னும் யாரும் வரவில்லை. வீட்டில் உனக்கு அவள்தான் வக்கீல். நான் முணுமுணுத்தால் போதும், "அவ படிக்கட்டும்டா, உன் வாயை இழுத்து மூடு" என்கிறாள். சொந்தத் தம்பிக்காகப் பேச இந்த வீட்டில் நாதி இல்லை.

ஒரு விஷயம் மட்டும் மனதில் இருந்து போகமாட்டேன் என்கிறது. நீ கிளம்புவதற்கு முந்தைய வாரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாய். என்னவோ ஏதோ என்று ஓடிவந்தேன். "அந்தப் பொண்ணுக்கு விரல் போயிடுச்சுங்க" என்றாய். எந்தப் பொண்ணு, எந்த ஆஸ்பத்திரி என்று பதறினால், புத்தகத்தில் வருகிற பொண்ணாம். ரயில் ஏறும்போது எனக்காக உன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இருக்கட்டும்.

எதற்காக எங்களை விட்டுவிட்டுப் போனாய் என்று எனக்கும் தெரியட்டும். அந்தக் கதையில் கொஞ்சத்தைத் தமிழில் எழுதி அனுப்பு. என் ஆங்கிலம் மெஷினோடு வருகிற புத்தகம் அளவுக்குத்தான்.

இப்படிக்கு, இரண்டாம் இடத்தில் இருப்பவன்.

ஜனவரி 21

என் மெக்கானிக்குக்கு,

ரயில் ஏறும்போது நான் அழாததற்குக் காரணம், நீங்கள் என் பெட்டியின் உடைந்த சக்கரத்தைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தீர்கள். அழுதால் நிமிர்ந்து பார்த்துவிடுவீர்கள், பார்த்தால் நான் போகமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வண்டி நகர்ந்த பிறகு எதிர் இருக்கைப் பெண்மணி எனக்குத் தன் கைக்குட்டையைக் கொடுக்கும்படி ஆயிற்று. போதுமா?

என் அறை உங்கள் டூல்ஸ் ரூம் அளவுதான் இருக்கும். பகலெல்லாம் நூலகத்தின் அடித்தளத்தில்தான் இருக்கிறேன். ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. யாராவது மேலே குழாயைத் திறந்தால் கீழே நூறு வருஷத்துப் புத்தகங்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

நான் படிப்பது இதைத்தான். அந்த நாட்டில் ஒரு காலத்தில் கதை என்றால் நல்ல குடும்பம், நல்ல வரவேற்பறை, கடைசியில் கல்யாணம் என்று இருந்தது. அப்புறம் சிலர் கிளம்பினார்கள். சுரங்கத்துக்குள் இறங்கினார்கள், கறி வெட்டும் கொட்டகைக்குள் போனார்கள், ஒரே அறையில் பத்துப் பேர் படுக்கிற குடியிருப்புகளின் மாடிப்படி ஏறினார்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்கள். இவன் ஏன் குடிக்கிறான், இவள் ஏன் திருடினாள் என்றால் கெட்ட குணம் என்று முடித்துவிடவில்லை. வாடகையைப் பார், கூலியைப் பார், நுரையீரலைப் பார், அப்பனிடமிருந்து ரத்தத்தில் வந்ததைப் பார் என்றார்கள். நம்புவீர்களா, ஒரு மாடிப்படியின் வாடைக்கு ஒரு முழுப் பக்கம்! அந்தப் படியில் ஏறி இறங்கியவர்கள் ஒருத்தரும் இன்று இல்லை. அந்தக் கட்டடமே இருக்காது. வாடை மட்டும் அப்படியே இருக்கிறது, நான் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

எனக்குக் கிடைத்தது எல்லாரும் மறந்துபோன ஒரு நாவல். தகர டப்பா செய்யும் தொழிற்சாலை. பிரஸ்ஸில் வேலை பார்க்கும் ஒரு பெண். கடைசிவரை அவளுக்குப் பெயரே கிடையாது, 'நான்காம் பிரஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் இந்தக் கதைகளைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டார். "இதுல யாரும் எதையும் செய்யறது இல்லம்மா. எல்லாருக்கும் எல்லாம் நடக்குது, அவ்ளோதான்." என் ஆராய்ச்சியே இந்த வரியைத்தான் விரித்து எழுதப் போகிறது.

ஒரு அத்தியாயம் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவளுக்கு விரல் போகிற இடம். மெதுவாகப் படியுங்கள். அக்காவுக்கும் கொடுங்கள்.

உங்களுக்கு முதலிடம் கொடுத்திருப்பவள்.

பிப்ரவரி 6

புரொபசரம்மா,

நான் படிப்பதற்கு முன்னால் அக்கா பறித்துக்கொண்டாள். சாப்பாட்டு இடைவேளைக்குத் தொழிற்சாலைக்கே கொண்டுபோய்விட்டாள். "கண்ணாடிய மறந்துட்டேன், நீ படிடா" என்று என் கையில் திணித்தாள். பிரஸ் ஹாலில் பெண்கள் எல்லாரும் தோல் கட்டுகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. மெஷினைப் பற்றித்தான் நான் நாலு பேர் முன்னால் பேசியிருக்கிறேன்.

முதல் பக்கம் படிக்கும்போது ஹாலில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் பேச்சு நின்றது. பிரஸ் விழும் சத்தம் அவளுக்குத் தூக்கத்திலும் கேட்கிறது, தூக்கத்தில் அவள் கை படுக்கையில் தகடு தள்ளுகிறது என்று வந்ததே, அந்த இடத்தில் ஆறாம் பிரஸ் அம்மா "ஐயோ" என்றார். "நான் தூக்கத்துல கைய இப்படி இப்படிப் பண்றேன்னு என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வாரு. இதை அங்க யார் போய்ச் சொன்னது?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போகிற இடத்தை நான் வேகமாகப் படித்துத் தாண்டப் பார்த்தேன். அக்கா விடவில்லை. "நிதானமாப் படி" என்றாள். மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, நான் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இது பொழுதுபோகாதவர்கள் படிக்கிற சமாச்சாரம் இல்லை.

அக்கா மட்டும், "அவ கவனமா இல்ல, அதான் போச்சு. நான்னா விட்டிருப்பேனா?" என்றாள். ஆனால் அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். நாலாம் பக்கத்தில், பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு கம்பி வலைத் தடுப்பு இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அது முதலில் கீழே இறங்கும், அப்புறம் பிரஸ் விழும் என்று கதை எழுதிய உன் ஆள் தெளிவாக எழுதியிருக்கிறான். எங்களுடையதும் அப்படித்தான். ஆறாம் பக்கத்தில் அவள் விரல் பிரஸ்ஸுக்குக் கீழே இருக்கிறது. தடுப்பு இறங்கியிருந்தால் விரல் எப்படி உள்ளே போகும்? அது தானாக மேலே போய் நிற்காது. மாடிப்படி வாடைக்கு ஒரு பக்கம் எழுதுகிறவன் இதையா விட்டிருப்பான்? தபாலில் ஏதாவது தாள் விழுந்துவிட்டதா?

பார்த்து எழுது.

பிப்ரவரி 17

உங்களுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

தாள் எதுவும் விழவில்லை. அந்த இடத்தில் இருந்த மூன்று வாக்கியங்களை நான்தான் விட்டுவிட்டேன். கவனக்குறைவாக இல்லை, வேண்டுமென்றே.

போன வருஷம் உங்கள் வேலைக் கால்சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் கம்பித் துண்டுகள் இருந்தன. ஒரே நீளத்துக்கு வெட்டியவை. எதற்கு என்று அக்காவிடம் கேட்டேன். "தடுப்பக் கட்டி வைக்கத்தான். அது இறங்கி ஏறுறதுக்குள்ள பாதி நேரம் போயிடும், கணக்கு வராது. உன் வீட்டுக்காரன்தான் எங்களுக்காகக் கட்டித் தர்றான்" என்று பெருமையாகச் சொன்னாள். அப்புறம் இந்த நாவல் கையில் கிடைத்தது. சாப்பாட்டு மேசையில் நான் அழுதது அந்தப் பெண்ணுக்காக என்று சொன்னேன். பாதிதான் உண்மை.

நீங்கள் படிக்கும்போது அந்த இடம் உங்களைக் குத்தக் கூடாது என்று நினைத்தேன். நீங்கள் அந்த இடத்தைத் தேடிப் போவீர்கள் என்று நினைக்கவில்லை. மெஷினைப் படிக்கிற கண்ணுக்குக் கதையில் கழன்ற ஆணி தெரியாமலா இருக்கும்? நான் யோசித்திருக்க வேண்டும்.

விட்ட வரிகள் இவைதான்:

"காலை ஷிப்ட் தொடங்கும் முன் மெக்கானிக் வந்து, தடுப்பை மேலே தூக்கி, ஒரு துண்டுக் கம்பியால் கட்டினான். அவன் நல்லவன். வேலை நடுவில் அவிழ்ந்து அவளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று கூடுதலாக இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனான்."

கோபம் இருந்தால் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

மார்ச் 14

புரொபசரம்மா,

கோபம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

அந்த மூன்று வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பாத்ரூமில் முகம் கழுவும்போதுகூட ஓடுகிறது. கூடுதலாக இரண்டு சுற்று. நான் சுற்றுவேன், தெரியுமா? எப்போதும் சுற்றுவேன். மெக்கானிக் என்றால் எவன் வேண்டுமானாலும் கம்பி கட்டுவான், அதை யாரும் எழுதிவிடலாம். ஆனால் அந்த இரண்டு சுற்றை யாரும் பார்த்ததில்லை. அக்காவுக்கே தெரியாது. அது என் கைக்கு மட்டும் தெரிந்த விஷயம். பாசத்தில் சுற்றுகிற சுற்று அது. நான் பிறப்பதற்கு முன்னாலேயே செத்துப்போன ஒருவன், கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, என் கையைப் பார்த்திருக்கிறான். எனக்குப் பயமாக இருந்தது. பிறகு பயம் போய் என்னவோ போல ஆகிவிட்டது. கோயிலில் நிற்கிற மாதிரி என்று எழுதினால் சிரிப்பாய். எழுதுகிறேன், சிரித்துக்கொள்.

அவன் திட்டியிருந்தால்கூட நான் புத்தகத்தை மூடிவைத்திருப்பேன். "அவன் நல்லவன்" என்று எழுதிவிட்டானே. அதற்கு என்ன பதில் சொல்வது?

உன் பேராசிரியர் சொன்னதையும் யோசித்தேன். எல்லாருக்கும் எல்லாம் நடக்கிறது என்றாரே. இங்கேயும் அப்படித்தான் பேசுவோம். மேனேஜர் ஒரு நாளும் "கட்டு" என்று சொன்னதில்லை. "பாத்துப் பண்ணுங்க மெக்கானிக்" என்பார், அவ்வளவுதான். பெண்கள் கேட்கிறார்கள், ஏனென்றால் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. கூலியை வைத்தவர் யாரோ மேலே இருக்கிறார். யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் காட்டுவார்கள். எல்லாம் சரிதான். ஆனால் கம்பி தானாகச் சுற்றிக்கொள்ளாது. அதைச் சுற்றுகிறது ஒரு கை.

திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்கும் முன் எல்லாப் பிரஸ்ஸிலும் வெட்டிவிட்டேன்.

பெரிய ரகளை. வேகம் பாதியாக இறங்கிவிட்டது. பெண்கள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள், அதிலும் அக்கா. ஹாலில் எல்லாரும் பார்க்க, "கதை படிச்சுக் கெட்டுப் போயிட்டியாடா? என் கைய எனக்குப் பாத்துக்கத் தெரியும். உன் பொண்டாட்டி அழுதான்னா நான் பட்டினி கெடக்கணுமா?" என்று கத்தினாள். மேனேஜர் கத்தவில்லை. "கொஞ்ச நாள் வீட்ல இருங்க, கூப்பிடறோம்" என்றார். வேறு மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா என்னோடு பேசுவதில்லை. தட்டைத்தான் வைக்கிறாள், அதுவும் சத்தமாக.

ஒன்று மட்டும் சொல். கதையில் அந்த மெக்கானிக் அப்புறம் என்ன ஆனான்?

மார்ச் 22

என் மெக்கானிக்குக்கு,

உங்கள் கடிதத்தை நூலகத்தில் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் "என்னங்க ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல, எங்க வீட்டுக்காரர்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

நாவலை முதலிலிருந்து மறுபடி தேடினேன். மெக்கானிக் அந்த மூன்று வரிக்குப் பிறகு எங்குமே வரவில்லை. விபத்து அன்று ஹாலில் யார் யார் நின்றார்கள் என்று வரிசையாக வருகிறது, அதிலும் அவன் இல்லை. எழுதியவருக்கே அவனை அதன் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது. அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

பேராசிரியரிடம் போனேன். "சார், இதுல யாரும் எதையும் செய்யறது இல்லன்னு சொன்னீங்களே, இந்த மூணு வரியப் பாருங்க" என்றேன். "அவனும் மெஷின்ல ஒரு பாகம்தானேம்மா" என்றார். "சார், அந்தப் பாகம் போன திங்கட்கிழமை கம்பிய வெட்டிடுச்சு" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "நான் இதை இருபது வருஷமா பாடம் நடத்தறேன்" என்று மட்டும் சொன்னார்.

படிப்பை நிறுத்திவிட்டு வருகிறேன். உங்களுக்கு வேலை இல்லாதபோது நான் இங்கே உட்கார்ந்து புத்தகம் புரட்டுவது நியாயமில்லை. பள்ளியில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் பதில் வந்ததும் கிளம்புவேன்.

கடைசி அத்தியாயத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை ஒரு வரியும் விடவில்லை. அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். அவள் அடுப்பில் போட்டாலும் சரி.

ஏப்ரல் 11

புரொபசரம்மா,

வராதே. முதலில் இதைப் படி.

உன் தாள்களைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவை அங்கே இல்லை. அடுப்பிலும் இல்லை. இடைவேளையில் அக்கா ஹாலில் படித்திருக்கிறாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவளே. ஆறாம் பிரஸ் அம்மா வந்து எல்லாம் சொன்னார்.

அந்த அத்தியாயத்தில் குளிர்காலம், நான்காம் பிரஸ் பெண்ணுக்கு வேலை போய்விட்டது, அவள் இடது கையை எப்போதும் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டே நடக்கிறாள். கையுறைக் கடைக்குப் போய், "மூணு விரலுக்குக் கிடைக்குமா?" என்று கேட்கிறாள். கடைக்காரி, "அப்படி யாரும் செய்யறது இல்ல" என்கிறாள். அந்த இடத்தில் அக்கா நிறுத்திவிட்டாளாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாளாம். சுற்றிலும் வெட்டிப் போட்ட கையுறைத் தோல் மலையாகக் கிடக்கிறது. அத்தனையும் ஐந்து விரல்.

மறுநாள் புது மெக்கானிக் கம்பியோடு மூன்றாம் பிரஸ்ஸுக்கு வந்தபோது அக்கா தடுப்பின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இதுல கட்டாதீங்க."

"நேத்து நீங்கதானேக்கா கட்டச் சொன்னீங்க?"

"நேத்து சொன்னேன். இன்னைக்கு வேணாம்."

நாலாம் பிரஸ்ஸும் வேண்டாம் என்றது. ஐந்தும் ஆறும் வேண்டாம் என்றன. மேனேஜர் வந்து கணக்கு விழும் என்றார். அக்கா சொன்னதை அந்த அம்மா அப்படியே நடித்துக் காட்டினார்: "கணக்க நீங்க மாத்திக்கலாம் சார். கைய எங்களால மாத்திக்க முடியாது."

ஒரு வாரம் இழுபறி. கூலியைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள். பழையபடி கையில் வராது, பாதிப் பேருக்கு என்மேல் இன்னும் கடுப்புதான். தடுப்பு இறங்கித்தான் இருக்கிறது. நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். எதைச் செய்யமாட்டேன் என்று கேட்டேன். மேனேஜர் யோசித்துப் பார்த்துவிட்டு, "சரி, போய் வேலையப் பாருங்க" என்றார்.

அந்த மெக்கானிக் அப்புறம் என்ன ஆனான் என்று கேட்டேனே. காலி இடம் என்றாய். இருக்கட்டும், நீ அங்கேயே இருந்து அதைப் பற்றி எழுது. திரும்பி வந்தாயானால் அக்கா உன் தட்டையும் சத்தமாகத்தான் வைப்பாள்.

இத்துடன் ஒரு பொட்டலம். அக்கா கொடுத்தது. வேலை முடிந்து மிச்சத் தோலில் அவளே வெட்டி, ஆறாம் பிரஸ் அம்மா தைத்தது. "அக்கா, அவ கதையில வர்றவ. இருந்திருந்தாலும் இன்னைக்கு இருக்கமாட்டா" என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெரியாதாடா? நான் என்ன முட்டாளா?" என்றாள். "அப்புறம் எதுக்கு?" என்றேன். "யாரும் செய்யறது இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல, அதுக்குத்தான்" என்றாள்.

என்னோடு பேசிவிட்டாள், பார்த்தாயா.

ஏப்ரல் 19

உங்களுக்கு,

வரவில்லை. இருக்கிறேன். எழுதுகிறேன். என் ஆராய்ச்சி இப்போது நான் விட்டுவிட்ட அந்த மூன்று வரியில் தொடங்குகிறது.

பொட்டலத்தை நூலகத்தில் பிரித்தேன். இடது கைக்கு ஒரே ஒரு கையுறை. கட்டைவிரல், மோதிர விரல், சுண்டு விரல். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருக்க வேண்டிய இடத்தில் தோலை உள்ளே மடித்து, உறுத்தாமல் பொடித் தையல் போட்டிருக்கிறார்கள். உள்ளே மெத்தென்று துணி. உள்பக்கம் எங்கே குளிரும் என்று யோசித்து, அந்த இடத்தில் மட்டும் இரட்டையாக வைத்திருக்கிறாள் அக்கா.

பேராசிரியரிடம் காட்டினேன். இரண்டு கைகளாலும் வாங்கினார். திருப்பித் தரும்போதும் இரண்டு கைகளாலும் தந்தார்.

எனக்கு அது பொருந்தவில்லை. இரண்டு விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டால்தான் கை உள்ளே போகிறது. அப்படியே மடக்கிவைத்துக்கொண்டு, வலது கையால் இதை எழுதுகிறேன். கழற்ற மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுங்கள். கத்தினாலும் பரவாயில்லை.